ப்ரேக்குக்கு வேறு சொல்

எங்கள் பழைய டிரைவிங் பள்ளி ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒரு புதுப் பயிற்றுநர் எழுதினார்: "அங்கிள், உங்களுக்கு வாய் கோணிக்கிட்ட அனுபவத்தை எழுதுங்க. நோய் வந்தா வாழ்க்கையில எது முக்கியம்னு புரியும்னு சொல்றாங்க. எங்களுக்கு ஊக்கமா இருக்கும்." கீழே கும்பிடுகிற கைகள், ஒரு ரோஜாப்பூ.

ஊக்கமாம். வாரக்கணக்கில் எனக்குத் தேத்தண்ணி வாய் ஓரமாக ஒழுகிச் சட்டையில் விழுந்தது. அதில் என்ன ஊக்கம்? நோய் வந்து ஞானம் வந்தது என்கிற ஆட்களை நான் நம்புவதில்லை. எனக்கு வந்தது எச்சில்.

இருந்தாலும் எழுதுகிறேன். காரணம், குழுவில் ஆளாளுக்குத் தப்பாகச் சொல்கிறார்கள். எனக்குப் புத்தி பேதலித்துப் பயிற்சித் திடலில் நின்று கண்டதையும் கத்தினேன் என்று ஒருவன். குடித்துவிட்டுக் கத்தினேன் என்று இன்னொருவன். நான் கத்தியது உண்மை. ஏன் கத்தினேன் என்பது இவர்களுக்குத் தெரியாது. இனிமேல் திடலில் கேமராவும் சென்சாரும் வைக்கப் போகிறார்களாம், பயிற்றுநர் வாயே திறக்க வேண்டாமாம். அப்படியானால் வாய் எதற்கு இருந்தது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

நான் மலேசியாவில் கிள்ளான்காரன், பெயர் முனியாண்டி. பள்ளிக்கூடத்தை விட்டதும் லோரியில் கெலிண்டான் வேலை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்கி, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஓடி "வா, வா, வா" என்று கத்துகிற ஆள். பிறகு நானே லோரி ஓட்டினேன். முதுகு போனதும் பயிற்றுநர் லைசென்ஸ் எடுத்து டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். இந்த நாலு வரியில் என் இளமை முடிந்துவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, முக்கால்வாசி டிராஃபிக் ஜேம்மில் நின்றதுதான். என்னிடம் படித்துப் பாஸான ஆட்கள் இப்போது ஃபெடரல் ஹைவேயில் எனக்கே ஹார்ன் அடிக்கிறார்கள்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாலையில் ஓட்டப் பழக்கும்போது பயிற்றுநர் பக்கத்தில் உட்காருவார், அவர் காலடியிலும் ஒரு ப்ரேக் இருக்கும். ஆனால் திடலில் அப்படி இல்லை. மேடு, பக்கவாட்டில் பார்க்கிங், ஒடுக்கமான இடத்தில் காரைத் திருப்புவது, இதெல்லாம் மாணவர் தனியாகச் செய்ய வேண்டும். சோதனையன்று பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால் நாங்கள் வெளியே வெயிலில் நின்று கத்துவோம்.

இதில் ஆளைக் கொல்வது மேடுதான். மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டுக்குள் முன் சக்கரத்தை நிறுத்த வேண்டும். தாண்டினாலும் ஃபெயில், எட்டாவிட்டாலும் ஃபெயில். கை ப்ரேக்கை இழுத்துவிட்டு முதல் கியர் போட வேண்டும். பிறகு கிளட்சை மெல்ல விட வேண்டும். மெல்ல என்றால், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி. ஒரு இடத்தில் காரின் மூக்கு லேசாகத் தூக்கும், ஸ்டியரிங் உள்ளங்கையில் நடுங்கும், எஞ்சின் சத்தம் தொண்டை கட்டியது போலக் கம்மிப்போகும். அங்கே காலை அசைக்காமல் எண்ணெய் மிதிக்க வேண்டும். எக்ஸலரேட்டரை நாங்கள் எண்ணெய் என்றுதான் சொல்வோம். அப்புறம் கை ப்ரேக்கை விட்டால் கார் சொன்னபடி ஏறும். முன்னாடியே விட்டால் பின்னால் உருளும். கிளட்சைப் பட்டென்று விட்டால் எஞ்சின் செத்துவிடும். இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் வராது. காதில் கத்தினால் வரும். என் கொள்கை அதுதான்.

என்னிடம் சொற்கள் அதிகமில்லை. முதல் வாரம் மண்டு. ரெண்டாவது வாரம் மாடு. அதற்குப் பிறகும் கை ப்ரேக்கை மறந்தால் பூசணிக்காய். இடையில் தேவைக்கு ஏற்ப மடையன், முட்டாள், பேய். எல்லோருக்கும் ஒரே அளவு. டாக்டர் மகனும் மாடுதான், தவ்க்கே என்கிற சீன முதலாளி மகனும் மாடுதான். முதலாளி மகன் என்று நான் யாரையும் பசுமாடு ஆக்கியதில்லை.

எங்கள் முதலாளி மேடம் கோமதி. முன்பு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணவர் இறந்த பிறகு அவருடைய டிரைவிங் பள்ளியை எடுத்து நடத்தினார். அவர் மேசையில் எப்போதும் ஒரு தட்டு குவாச்சி இருக்கும், உப்புப் போட்டு வறுத்த தர்ப்பூசணி விதை. அதை முன்பல்லில் வைத்து "டக்" என்று கடிப்பார். தோலை மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்குவார். கோபித்து நான் பார்த்ததே இல்லை. என்னைப் பற்றிப் புகார் வந்தால் கூப்பிடுவார்.

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் மேடம்."

டக். ஒரு தோல்.

"வீட்டுல எல்லாரும் சுகமா?"

"சுகம் மேடம்."

டக். இன்னொரு தோல். அதற்குப் பிறகு ஒன்றும் பேச மாட்டார். என்னைப் பார்ப்பார், கடிப்பார், அடுக்குவார். தோல் வரிசை நீள நீள எனக்கு வேர்க்கும். கடைசியில் நானே புகாரைச் சொல்லி, நானே மன்னிப்புக் கேட்டு, நானே ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாக ஒத்துக்கொண்டு வெளியே வருவேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்காது. கத்துகிற முதலாளியிடம் வேலை செய்துவிடலாம். குவாச்சி கடிக்கிற முதலாளியிடம் கஷ்டம்.

இனி செல்வி. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர், ஐம்பதை நெருங்கிய வயது. அவர் கணவர் சேகருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மையத்தில்தான் இடம் கிடைத்தது. செல்வியின் தம்பி காரில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தம்பிக்கு ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் போகிறார். காரை அக்காவுக்கு விட்டுவிட்டுப் போகிறார், ஆனால் அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. ரயிலில் ஒருமுறை கூட்டிப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது மனிதர் பிளாட்ஃபாரத்திலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். ஆகவே தம்பி போவதற்குள் செல்விக்கு லைசென்ஸ் வேண்டும். முன்பே மேட்டில் இரண்டு தடவை ஃபெயில்.

நான் கத்தினால் மற்றவர்கள் நடுங்குவார்கள். செல்வி ஜன்னலை இறக்குவார்.

"பூசணிக்காய்! கை ப்ரேக் எங்கே?"

"பூசணிக்காய் இன்னைக்கு பாசார்ல என்ன விலைன்னு தெரியுமா அங்கிள் உங்களுக்கு? மரியாதையா வேற காய் சொல்லுங்க!"

அப்படியே திட்டி, திட்டு வாங்கி, மேட்டில் பாதி பழகிவிட்டார். அந்த நேரத்தில்தான் எனக்கு வந்தது.

காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் நேராகப் போகாமல் வலது பக்கமாகப் பீய்ச்சிக் கண்ணாடியில் அடித்தது. குழாய்தான் கெட்டுப்போச்சு என்று குழாயைத் திட்டினேன். சமையலறைக்குப் போனேன். என் மனைவி பாக்கியம் திரும்பிப் பார்த்தார்.

"காலங்காத்தால என்னங்க கண்ணடிக்கிறீங்க?"

நான் கண்ணடிக்கவில்லை. இமைத்தேன். இடது கண் மூடியது, வலது கண் மூடவில்லை. முகத்தின் வலது பாதி அப்படியே தொங்கிக் கிடந்தது. பாக்கியம் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு, "ஐயோ, ஸ்ட்ரோக்" என்று அலறினார்.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த மாதிரி நேரத்தில் பிள்ளைகள் முகம், கடவுள், செய்த பாவம் எல்லாம் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு ஞாபகம் வந்தது ஃப்ரிட்ஜில் இருந்த டுரியான். முந்தின நாள் வாங்கியது. நான் செத்தால் அதை என் மச்சான் தின்பான். அந்த வயிற்றெரிச்சலில்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று நினைக்கிறேன். ஊக்கம் கேட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

டாக்டர் ஒரு சின்னப் பெண்.

"அங்கிள், புருவத்தைத் தூக்குங்க. கண்ண இறுக்கி மூடுங்க. கன்னத்தை உப்புங்க. இப்ப விசில் அடிங்க."

விசில் அடித்தேன். காற்றும் எச்சிலும் அவர் கையுறையில் போய் விழுந்தன.

"நெத்தியும் சேர்ந்து அசையல. கை கால் நல்லா இருக்கு. இது ஸ்ட்ரோக் இல்ல அங்கிள். முகத்து நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் தானா சரியாயிடும்."

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாது. வாரக்கணக்குல ஆகலாம், மாசக்கணக்குலயும் ஆகலாம். கண்ணு காயாம பாத்துக்குங்க."

மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்ட ஒரு டேப். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். டுரியான் இல்லை. மச்சான் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை, நேராக வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான்.

வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்டார்களே, சொல்கிறேன்: கன்னம். அது வேலை செய்யாவிட்டால் சோறு ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அடுத்தது உதடு. உதடு ஒன்று சேராவிட்டால் ப, ம இரண்டும் வராது. "பாக்கியம்" என்று கூப்பிட்டால் பஞ்சரான டயர் மாதிரி காற்றுத்தான் போனது. சரி என்று "கண்ணு" என்று கூப்பிட்டேன். அதில் உதட்டுக்கு வேலை இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பாக்கியம் கதவோரமாக வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லுங்க. டாக்டர் தனியா ஏதும் சொன்னாங்களா?"

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்றுதான் முழு நஷ்டமும் புரிந்தது. செல்வி மேட்டில் ஏறி, கோட்டைத் தாண்டி நின்றார். நான் வாயைத் திறந்தேன். மண்டு வரவில்லை. மாடு வரவில்லை. மடையன், முட்டாள், பேய், பூசணிக்காய் எதுவும் வரவில்லை. அத்தனையும் உதட்டில் பிறக்கிற சொற்கள். நான் ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்த சொத்து ஒரே காலையில் போய்விட்டது. நாயும் கழுதையும்தான் மிஞ்சின. நாய் என்றால் மேலே புகார் போகும். கழுதையை முயன்று பார்த்தேன். ழ சொல்லும்போது எச்சில் கொட்டியது. திட்டுகிறவனுக்கு எச்சில் வடிந்தால் அந்தத் திட்டுக்கு என்ன மரியாதை?

வேறு வழியில்லாமல் வந்த சொல்லைச் சொன்னேன். "சரி தாயி. நல்லா இருக்கு. இன்னொரு தரஞ் செய்."

செல்வி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள், எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க. எனக்கு ஓட்டவே வராதா?"

"இல்ல தாயி" என்றேன். 

"பின்ன ஏன் இப்படி அன்பா பேசுறீங்க? எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் அப்படித்தான் பேசினாரு. அதுவரைக்கும் 'உப்பக் குறை, சொன்னா கேக்க மாட்டியா'ன்னு திட்டிக்கிட்டே இருந்த மனுஷன், ஒரு நாள் தோள்ல கைய போட்டு 'நல்லா இருக்கீங்களா சேகர்'னாரு. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு எல்லாம் முடிஞ்சுதுன்னு. அடுத்த வாரம் ஊசி குத்தி மெஷின்ல மாட்டிட்டாங்க. நீங்க திட்டுங்க அங்கிள். திட்டினாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு."

திட்ட முடிந்தால் திட்டியிருக்க மாட்டேனா?

அன்று மத்தியானமே பெரிய விபத்து. செல்வி பின்னால் வந்து பார்க் பண்ணிக்கொண்டிருந்தார். கம்பம் நெருங்கியது. நான் அடிவயிற்றிலிருந்து "ப்ரேக்!" என்று கத்தினேன். உதட்டில் ப் நிற்காமல் காற்றாய்ப் போய், மிச்சம்தான் வெளியே வந்தது: "ரேக்!" செல்விக்கு அது "ரேஸ்!" என்று கேட்டிருக்கிறது. ரேஸ் என்றால் எண்ணெயை மிதித்து எஞ்சினை உறும விடு என்று அர்த்தம். மேட்டில் தினமும் நான் சொல்கிற சொல்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற மாணவி, மிதித்தார். நான் இன்னும் பலமாக "ரேக்! ரேக்!" என்றேன். அவர் இன்னும் பலமாக மிதித்தார். கார் கம்பத்தைச் சாய்த்து, புல்லைத் தாண்டி, ஆபீஸ் வாசலில் இருந்த மேடத்தின் காகிதப்பூத் தொட்டிகளில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. மேடம் குவாச்சித் தட்டோடு வாசலுக்கு வந்து பார்த்தார்.

செல்வி தலையை வெளியே நீட்டி, "போதுமா அங்கிள்?" என்றார்.

அடுத்து ஆபீஸ்.

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன்." மேடம் என்று சேர்த்தேன், "ஏடங்" என்று வந்தது.

டக்.

வழக்கம்போல நானே குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். "தொட்டி" மட்டும்தான் வந்தது. மன்னிப்பில் ம இருக்கிறது, ப இருக்கிறது. மன்னிப்புக் கேட்கக்கூட உதடு வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அதனால் மேடம் வாழ்நாளில் முதல் தடவையாக அவரே தண்டனையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"வாய் சரியாகுற வரைக்கும் கவுண்டர்ல உக்காருங்க. செல்வியை வேற பயிற்றுநர்கிட்ட மாத்திடுறேன்."

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வி உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், அடுத்த வாரம் டெஸ்டு. மாசக் கடைசியில தம்பி போயிடுறான். இப்ப போய் புது ஆளு, புதுக் கத்தல்னு ஆரம்பிச்சா எனக்கு எப்ப வரும்? இந்த மேட்டை எனக்கு ஏத்திவிட்டது இவருதான். எனக்கு இவரே வேணும்."

"ப்ரேக்னு சொல்லத் தெரியாதவரு எப்படிம்மா டிரைவிங் சொல்லிக்கொடுப்பாரு?"

"வேற சொல் வச்சுக்கிறோம்."

மேடம் குவாச்சியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே உடைந்த தொட்டிகளைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். அப்போது முதலாளி போய் ஆசிரியை வந்துவிட்டார்.

"தமிழ்ல உதடே ஒட்டாத பாட்டு உண்டு. முழுசாப் படிச்சாலும் ஒரு எடத்துலகூட உதடு சேராது. நான் பிள்ளைங்களுக்கு நடத்தியிருக்கேன். பாட்டே எழுத முடியுதுன்னா, உங்களுக்கு ஒரு சொல் கிடைக்காதா? தேடுங்க. நாளைக் காலையில எனக்கு அந்தச் சொல்லு தெரியணும்." டக். "தொட்டிய அப்புறம் பேசிக்கலாம்."

டிரைவிங் பள்ளிக் கேண்டீனில் உட்கார்ந்து தேடினோம். ஸ்டாப்பில் கடைசியில் ப். மலாயில் பெர்ஹெந்தி, தொடக்கத்திலேயே ப. விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்தால் ப வரும், ஆனால் நான் உதட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் கார் அடுத்த ஊர் காப்பார் போய்ச் சேர்ந்துவிடும். "நிறுத்து" என்று பார்த்தோம். சொல்லி முடிப்பதற்குள் கம்பம் விழுந்துவிடும், அவ்வளவு நீளம். "நில்" என்றேன், எஞ்சின் சத்தத்தில் செல்விக்கு "இல்ல" என்று கேட்டது. "தடை" என்றேன்.

"வடைன்னு கேக்குது அங்கிள். பசிக்குது."

"கட்டை?"

"யாரைச் சொல்றீங்க?"

செல்வி தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கிட்னி."

"என்னது?" என்றேன்.

"கிட்னின்னு கத்துங்க அங்கிள். சொல்லிப் பாருங்க, உதடு ஒட்டல. நான் தூக்கத்துல இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு நின்னுடுவேன். டாக்டர் அதைச் சொன்ன அன்னைக்கு எங்க வீடே அப்படியே நின்னுச்சு."

சொல்லிப் பார்த்தேன். "கிட்னி." தெளிவாக வந்தது. ஒரு சொட்டு எச்சில் இல்லை.

மறுநாள் காலையில் மேடத்திடம் சொன்னோம். அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "இலக்கணம் சரி" என்றார்.

அந்த வாரம் திடலில் நடந்ததைத்தான் குழுவில் இப்படிக் கதை கட்டுகிறார்கள். நான் மேட்டுக்கு அடியில் நின்று "ஏறு! ஏறு! கிட்னி! இழு! எண்ணெய், எண்ணெய்... கிட்னி!" என்று கத்தினேன். செல்வி கச்சிதமாக நின்றார். சிக்கல் என்னவென்றால் மற்றவர்களும் நிற்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பாதையில் போன சீனப் பையன் நான் கத்தினதும் பட்டென்று ப்ரேக் போட்டான், அவன் பின்னால் வந்தவன் அவனை இடித்தான். மகளைச் சேர்க்க வந்த ஒரு அம்மா வேலியோரமாகக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, கவுண்டரில் போய் ரகசியக் குரலில், "இங்க லைசென்ஸ் மட்டும்தானே எடுக்குறீங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

கண்ணில் ஒட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணால் முறைத்துக்கொண்டு, வாய் கோணக் கத்தினேன். செல்வி ஜன்னலை இறக்கித் திருப்பிக் கத்தினார். "இப்பத்தான் அங்கிள் நல்லா இருக்கு!"

சோதனையன்று நான் வேலிக்கு வெளியே. உள்ளே போக எங்களுக்கு அனுமதி கிடையாது, கத்தவும் கூடாது. செல்வி மேட்டில் ஏறினார். மஞ்சள் கோட்டுக்குள் நின்றார். கை ப்ரேக் இழுத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காரின் மூக்கு தூக்கவில்லை. பின்னால் அடுத்த கார் காத்திருந்தது. சேகர் எனக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கை மணிக்கட்டுக்கு மேலே ஊசித் தழும்புகள் புடைத்திருந்தன. அவர் மூச்சு விடவில்லை. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வலது காலால் தரையை மிதித்தேன். எண்ணெய், எண்ணெய், எண்ணெய். மூக்கு தூக்கியது. கார் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. சேகர் மூச்சு விட்டார்.

பார்க்கிங் சரி, திருப்புவது சரி. அடுத்தது சாலையில் ஓட்டுவது. பக்கத்தில் அதிகாரி உட்காருவார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண்ணை நான் கிட்னிக்கு நிற்கப் பழக்கிவிட்டேன். அதிகாரி ப்ரேக் என்றால் நிற்பாரா, ரேஸ் பண்ணுவாரா?

கார் போனது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. மலாய்க்கார அதிகாரி இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் போத்தலைத் திறந்து முழுசாகக் குடித்தார். செல்வி ஓடி வந்தார்.

"பாஸ் அங்கிள், பாஸ்!"

"என்ன சொன்னாரு?" என்று சேகர் கேட்டார்.

"நான் ஏறினதுமே சொல்லிட்டேன். துவான், நான் ப்ரேக் போடணும்னா கிட்னின்னு கத்துங்க, அதுதான் எனக்குப் பழக்கம்னு. அவரு 'புவான் சாக்கிட் கா?'ன்னாரு, உடம்பு சரியில்லையான்னு. எனக்குச் சாக்கிட் இல்ல, என் வீட்டுக்காரருக்குத்தான்னேன். அதுக்கப்புறம் மேல இருக்கிற கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டாரு. நானும் ஒழுங்காத்தான் ஓட்டினேன். ஸ்கூல் கிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்க வந்துச்சு. நான் பாத்துட்டேன், கால் ப்ரேக்குல இருக்கு. அதுக்குள்ள அவரே 'கிட்னி!'ன்னு கத்திட்டாரு!"

சேகர் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். சிரிப்பு நிற்காமல் நாற்காலியோடு ஆடினார்.

அந்த மாதக் கடைசியில் தம்பி ஜொகூருக்குப் போனார். அதே வாரம் எனக்கும் ஓய்வு. மேடம் ஒரு பொட்டலம் குவாச்சி கொடுத்தார், தொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே செல்வி ஃபோன் செய்தார்.

"அங்கிள், நாளைக்கு முதல் தடவ நானே இவரைக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க லா. கத்துறதுக்கு ஆள் வேணும்."

தம்பி விட்டுப் போன பழைய கஞ்சில் கார். முன்னால் சேகர், பின்னால் நான். பின் சீட்டில் ப்ரேக் கிடையாது. இது ஒரு பயிற்றுநருக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று மற்றவர்களுக்குப் புரியாது. ஃபெடரல் ஹைவேயில் ஏறியதிலிருந்து என் கால் அடியில் இருந்த ரப்பர் விரிப்பை மிதித்துக்கொண்டே வந்தது. செல்வி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். ஷா ஆலம் தாண்டினோம். பெட்டாலிங் ஜெயா வந்தது. நன்றாகத்தான் ஓட்டினார். அந்த நினைப்பு வந்த நேரம், இடப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு லோரி சிக்னல் போடாமல் எங்கள் முன்னால் நுழைந்தது.

நான் கத்தினேன். "ப்ரேக்!"

சுத்தமாக வந்தது. ப் உதட்டில் நின்று, வெடித்து, கார் முழுக்கக் கேட்டது. அத்தனை வாரமாக வராத எழுத்து, தேங்காய் உடைத்த மாதிரி வந்தது.

செல்வி பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள்! வாய் வந்துருச்சு!"

லோரியின் பின்கதவு எங்கள் முன் கண்ணாடி முழுக்க நிறைந்தது. செல்வி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் "ப்ரேக், ப்ரேக், ப்ரேக்" என்கிறேன், அவர் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். அப்போது முன் சீட்டிலிருந்து சேகர், பக்கத்து வீட்டுக்காரரிடம் மணி கேட்கிற குரலில் சொன்னார்.

"கிட்னி."

கார் நின்றது. பின்னால் எல்லா வண்டியும் ஹார்ன் அடித்தன. லோரி அது பாட்டுக்குப் போனது.   சேகர் ஊசித் தழும்புக் கையை நீட்டி கியரைத் தட்டிக் காட்டினார்.

"முதல் கியர் போடு. ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. பாரு, ஒண்ணு இன்னும் வேலை செய்யுது."

"பேசாம வாங்க," என்றார் செல்வி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. கிளட்சை மெல்ல விட்டார். மூக்கு தூக்கியது. எண்ணெய் மிதித்தார்.

பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும் வரைக்கும் செல்வி நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் சேகரே "கிட்னி" சொன்னார். எனக்கு உதடு திரும்பி வந்துவிட்டது. அதை வைத்து நான் செய்த முதல் வேலை, வாயை மூடிக்கொண்டதுதான்.